இரவை எண்ணும் செடியும் வயதை எண்ணும் செடியும்

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது நம் முன்னோர் மொழி. தேடித்தான் விதைத்தேன், ஆடியிலேதான் விதைத்தேன். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று, ஐப்பசியும் கார்த்திகையும் போயின. மாஹிமில் நாங்கள் நால்வர் குடியிருக்கும் அறையின் சன்னற் கம்பிகளைப் பின்னிக்கொண்டு ஏறி, துணி உலர்த்தும் கயிற்றையும் தனதாக்கிக்கொண்டு, அவரைக்கொடி விளையாடியது. இலையோ இலை! பூ மட்டும் ஒன்றுகூட இல்லை.

அது கடையில் வாங்கிய விதையன்று. அம்பாசமுத்திரத்துப் பக்கம் எங்கள் ஊரில், வீட்டுக் கொல்லைப் பந்தலில் ஆண்டாண்டாக எங்கள் ஆச்சி போட்டுவந்த அவரை. கொல்லை இப்பொழுது வீட்டுமனையாகிவிட்டது. பந்தலும் இல்லை, கொடியும் இல்லை. சாம்பலில் புரட்டி ஒரு சிறு சீசாவில் ஆச்சி வைத்திருந்த 11 விதைகளே மிச்சம். அவற்றைத்தான் என்னிடம் தந்து, "பம்பாயிலயாவது போட்டு வையி" என்றாள். ஆறை விதைத்தேன், ஐந்தைச் சீசாவிலேயே வைத்தேன். பூவாத கொடியிலிருந்து காய் ஏது? காயில்லாமல் விதை ஏது? அந்த ஐந்தும் பழசாகி முளைக்காமற் போனால் அந்த வமிசமே முடிந்தது. என் கவலை அதுதான்.

தொலைபேசியில் ஆச்சி கேட்டாள்: "ஏலே, பூத்துட்டா?"

"இல்ல ஆச்சி. இலைதான் தழைதழையா வருது."

"ராத்திரி வெளக்கு எரியுமோ?"

"படிக்கிற பிள்ளைங்க ஆச்சி. ஒரு மணி வரைக்கும் எரியும்."

"அப்பம் எப்படிப் பூக்கும்? அதுக்கு ஒறக்கம் வேண்டாமா?"

கிழவியின் வேடிக்கைப் பேச்சு என்று சிரித்துவிட்டேன். தாவரவியல் படிக்கும் அறைத்தோழர் தம் பாடநூலை விரித்துக் காட்டிய அன்றைக்குத்தான், சிரித்தது தவறு என்பது தெரிந்தது.

நண்பர்களே! செடிகள் பூக்கும் காலத்தை எவ்வாறு அறிகின்றன என்பது நெடுநாள் விளங்காத புதிராக இருந்தது. வெப்பமா, மழையா, உரமா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்னும் இருவர் 1920-ஆம் ஆண்டில் விடையை வெளியிட்டனர். அவர்கள் கையிலிருந்தது மேரிலாண்டு மாம்மத் என்ற ஒருவகைப் புகையிலை. கோடை முழுதும் அது ஆளுயரத்துக்குமேல் வளரும், பூக்காது. அதையே குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால், சிறிய செடியாயிருக்கும்போதே பூத்துவிடும். வெப்பத்தை மாற்றிப் பார்த்தனர், நீரை மாற்றிப் பார்த்தனர், பயனில்லை. கடைசியில் கோடைச் செடிகளை நாள்தோறும் பொழுது சாயுமுன்பே இருட்டுக் குடிலுக்குள் தள்ளி வைத்தனர். பூத்தன! பகலின் நீளமே செடிக்குப் பஞ்சாங்கம் என்பது அன்று உறுதியாயிற்று.

ஆனால் செடி உண்மையில் அளப்பது பகலையன்று, இரவை. இதை 1938-இல் ஹாம்னர், பானர் என்னும் இருவர் காட்டினர். அவர்கள் எடுத்துக்கொண்டது நம் ஊர்ச் சாலையோரங்களில் முள்ளுருண்டைக் காய்களோடு நின்று வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் மருளூமத்தை. நீண்ட இரவு கிடைத்தால் அது பூக்கும். அந்த இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைக் காட்டினால் பூக்காது! நடுவில் முறிந்த இரவைச் செடி இரவாகவே கொள்வதில்லை. பகலின் நடுவே சிறிது நேரம் இருட்டடித்தால் அதற்கு ஒரு கேடுமில்லை. இலையில் பைட்டோகுரோம் என்றொரு நிறமி இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் அது ஒரு வடிவம் கொள்ளும். இருளில் மெல்லப் பழைய வடிவுக்குத் திரும்பும். அதுவும் செடிக்குள் ஓடும் நாட்கடிகாரமும் கூடித்தான் இரவின் நீளத்தைக் கணிக்கின்றன. இத்தகைய செடிகளைக் குறும்பகல் தாவரம் என்பர். நெடும்இரவுத் தாவரம் என்று பெயரிட்டிருந்தால் பொருத்தமாயிருந்திருக்கும். பெயர் வைத்தவர்கள் சற்று அவசரப்பட்டுவிட்டார்கள்.

பந்தலவரை இந்த இனம். ஆடியில் விதைத்தால் மழையில் கொடி ஓடி, ஐப்பசிக்குப் பின் இரவு நீளும்போது பூத்து, மார்கழி தையில் காய்த்துக் குலுங்கும். ஆடிப் பட்டத்தை நம்மவர் தேடியதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இப்பொழுது எங்கள் அறையின் கணக்கைப் பாருங்கள். மும்பையில் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 13¼ மணி. மிகக் குறுகியது 11 மணி. மார்கழியில் மாலை ஆறு மணியளவில் கதிரவன் மறைந்து, காலை ஏழு மணியளவில் எழுகின்றான். ஆக இரவு 13 மணி. அவரைக்கு அது தாராளம். ஆனால் எங்கள் அறையில் குழல்விளக்கு இரவு ஒரு மணிக்குத்தான் அணையும். தேர்வுக் காலமாயின் அதுவும் இல்லை. ஒரு மணிக்கு அணைந்தால் செடிக்குக் கிடைப்பது ஆறு மணி நேர இருள். சன்னலுக்கு நேரே நகராட்சியின் தெருவிளக்கு விடியும்வரை வெள்ளையாய்ப் பொழிகிறதே, அதையும் சேர்த்தால் அந்த ஆறும் ஐயத்துக்குரியதே. மாஹிமில் இருந்துகொண்டு என் அவரை, பின்லாந்து நாட்டுக் கோடையில் வாழ்வதாக எண்ணிக்கொண்டிருந்தது. எப்படிப் பூக்கும்?

அறைக்குள் செடி வளர்க்கத் தொடங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டிய விந்தை இங்கேதான் இருக்கிறது. வெட்டவெளியில் உச்சி வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். நன்றாக விளக்கிட்ட அறையிலோ 300, 500 லக்ஸ் இருந்தால் அதிகம். நம் கண் இருளுக்கும் ஒளிக்கும் எளிதில் ஒத்துப்போவதால் இவ்வளவு வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. இலைக்குத் தெரியும். குழல்விளக்கின் அந்த ஒளி செடிக்கு உணவாகப் போதாது. ஆனால் இரவை முறிக்கப் போதும். சோறு போட மாட்டாத விருந்தோம்பி உறங்கவும் விடமாட்டான் என்றால் விருந்தாளியின் கதி என்ன?

சாமந்தி பயிரிடுவோர் இந்த விந்தையையே தொழிலாக்கிக்கொண்டனர். அதுவும் நீண்ட இரவில் பூப்பதே. பூ விரைவில் வரக்கூடாதென்றால் நள்ளிரவில் விளக்கேற்றுவர். விலையுள்ள நாளில் பூ வேண்டுமென்றால் மாலையிலேயே கருந்துணியால் மூடிவிடுவர். மாதுங்காவில் நம்மவர் பூக்கடைகளில் எந்தப் பருவத்திலும் சாமந்தி தொங்குவதைக் கண்டு நான் வியந்ததுண்டு. இப்பொழுது வியப்பு சற்றுக் குறைந்திருக்கிறது.

எல்லாச் செடியும் இப்படி இரவை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. தக்காளி, மிளகாய் போன்றவை தம் வயதை எண்ணுகின்றன. இத்தனை இலை விட்டாயிற்று, இத்தனை வாரம் ஆயிற்று, இனிப் பூக்கலாம் என்பதே அவற்றின் போக்கு. இரவு நீண்டாலும் குறுகினாலும் கவலையில்லை. இவற்றைப் பகல்நடுநிலைத் தாவரம் என்பர்.

மனிதன் இந்தப் பண்பைத் தேடித் தேடிப் புகுத்தியும் இருக்கின்றான். பழைய நெட்டை நெல்வகைகள் பல இரவு நீண்டால்தான் கதிர்விடும். முன்னால் நட்டாலும் காத்திருக்கும். பிலிப்பைன்சின் அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 அப்படிக் காத்திராது. எந்தப் பருவத்தில் நட்டாலும் நாள் நிரம்பினால் கதிர்தான். ஒரே வயலில் ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் என்பது பரவியதில் இந்தப் பண்புக்குப் பெரும் பங்குண்டு. அவரையிலும் இதே வேலை நடந்திருக்கிறது. பெங்களூரை அடுத்த எசருகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தந்த அர்க்கா ஜெய், அர்க்கா விஜய் என்னும் குட்டைச் செடியவரைகள் இரவை எண்ணாதவை. நம் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஆண்டு முழுதும் போடத்தக்க செடியவரை வகைகளைத் தந்திருக்கிறது.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அவரையன்று என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். எங்கள் சன்னலில் பச்சையாக ஏதோ படர்ந்திருப்பதைக் கண்ட இளைய மாணவர் ஒருவர் சிற்றுண்டிச்சாலையில் என் அருகே வந்து அமர்ந்து, தாழ்ந்த குரலில், "அண்ணே, தானாகப் பூக்கும் கஞ்சா விதை என்கிறார்களே, அறையிலேயே வளருமாமே, எப்படி?" என்று கேட்டார். சன்னல் கொடியைக் கண்டு என்னை எந்தத் தொழிலில் சேர்த்துவிட்டார் பாருங்கள்!

அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். கஞ்சா இயல்பில் அவரையைப் போல் நீண்ட இரவில் பூப்பது. ஆனால் ரஷ்ய நாட்டில் தரிசிலும் பாதையோரத்திலும் களையாக வளர்ந்த ஒரு குட்டை வகையை 1924-இல் யானிஷெவ்ஸ்கி என்னும் தாவரவியலார் ருடெராலிஸ் என்று பெயரிட்டு விவரித்தார். அந்நாட்டுக் கோடை குறுகியது. நீண்ட இரவு வரும்வரை காத்திருந்தால் உறைபனி முந்திக்கொள்ளும். ஆதலின் அவ்வகை வயதையே எண்ணிப் பூக்கிறது. அதனோடு கலந்து உண்டாக்கியவையே அவர் கேள்விப்பட்ட 'தானே பூக்கும்' விதைகள். அறிவியல் இவ்வளவுதான், மாயம் ஒன்றுமில்லை. வளர்ப்பு முறையை நான் அவருக்குச் சொல்லவில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாச் செடி பயிரிடுவதற்குப் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. தொட்டி ஒன்றே என்பதும், விற்பனைக்கன்று என்பதும் அதைக் குற்றமில்லாமல் ஆக்கா. தமிழ்நாட்டிலிருந்து கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க அனுப்பிய தாய் தந்தையர் பலர் நம் மாணவர்க்கு இருக்கின்றனர். ஒரு தொட்டிச் செடிக்காக அந்தக் கடனை யார் அடைப்பது? அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் மிளகாய் போடலாமா?" என்றார். போடலாம். தாராளமாகப் போடலாம். அதற்கான வழியைத்தான் இனிச் சொல்கிறேன்.

முதன்முதலாகத் தொடங்குவோர் வெந்தயத்திலிருந்து தொடங்குக. இந்நகரத்துச் சந்தைகளில் சின்னஞ்சிறு கட்டுகளாக விற்கும் சமுத்ர மேத்தி என்ற கீரையைப் பார்த்திருப்பீர்கள். கடலோர மணலில் நெருக்கமாக விதைத்து, இளசாயிருக்கும்போதே வேரோடு பறிப்பது அது. ஓட்டையிட்ட ஒரு பழைய தட்டில் மணலும் எருவும் பரப்பி, அடுக்களை வெந்தயத்தை ஓரிரவு ஊறவைத்துத் தூவினால் போதும். இரண்டு வாரத்துக்குள் பறிக்கலாம். பூ வேண்டியதே இல்லையாதலால் விளக்குச் சங்கடமும் இல்லை. தண்டுக்கீரையோ நீண்ட இரவில் விரைந்து பூத்து முற்றிவிடும் இயல்புடையது. ஆகவே நம் நள்ளிரவு விளக்கு அதற்கு ஒருவகையில் உதவியே.

அடுத்தது மிளகாய். தாராவி கும்பார்வாடாவில் குயவரிடம் ஒரு சாண் வாயகலத்துக்குக் குறையாத மண்தொட்டி கிடைக்கும். அடியில் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குக. துளையில்லாத தொட்டியை நம்பிச் செடி வைப்பதும் மதகில்லாத குளத்தில் வீடு கட்டுவதும் ஒன்றே. செம்மண், மட்கிய எரு, தேங்காய்நார்த் தூள் மூன்றும் ஏறத்தாழச் சமமாகக் கலந்தால் நீர் தங்கவும் செய்யும், வடியவும் செய்யும். பல தொடக்கக்காரரின் செடி சாவது வறட்சியாலன்று, அன்பு மிகுதியால். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், அறைத்தோழர் ஒருவர் என்று ஆளுக்கொரு செம்பு ஊற்றுவர். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரமில்லை என்றால் மட்டும் ஊற்றுக. மழைக்காலத்தில் மும்பைக் காற்றே நனைந்த துணி போலிருக்கும்; அப்பொழுது இரண்டு மூன்று நாளுக்கொருமுறை போதும்.

ஒளியைப் பற்றிச் சொன்னேன். நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் நேர்வெயில் விழும் சன்னல் இருந்தால் மிளகாய்க்கு வேறொன்றும் வேண்டா. அடுத்த கட்டடம் கையெட்டும் தூரத்தில் நிற்கும் நம் சந்துகளில் அது பலருக்குக் கிட்டாது. அவர்கள் 20 வாட் வெள்ளை எல்.இ.டி. குழல் ஒன்றைச் செடியின் தலைக்கு ஒரு சாண் உயரத்தில் கட்டித் தொங்கவிடுக. செடி வளர வளர விளக்கையும் உயர்த்துக. நாளொன்றுக்கு 14 மணி நேரம் எரித்தாலும் மாதம் 8½ யூனிட்டுக்கு மேற்போகாது. விட்டத்தில் எரியும் அறைவிளக்கை நம்பினால் செடி நீண்டு மெலிந்து, நூல் போலாகிச் சாயும். வயதை எண்ணும் செடியாதலின் நீண்டநேர ஒளியால் பூ தடைப்படாது. அதற்காக இருபத்துநான்கு மணியும் எரிக்க வேண்டா; தக்காளி அப்படி எரித்தால் இலை வெளுத்துக் கெடும். எட்டு மணி நேரம் அதற்கும் ஓய்வு கொடுங்கள், உங்களுக்கும் கொடுத்துக்கொள்ளுங்கள்.

வயதை எண்ணும் செடியிடம் ஒரு கண்டிப்பு உண்டு. அது காத்திராது. பந்தலவரை இளமையில் நோயுற்றாலும், நீரின்றி வாடினாலும், பின்னர்த் தேறி வளர்ந்துகொள்ள அதற்குக் காலமிருக்கும். நீண்ட இரவு வரும்வரை பூக்கப்போவதில்லை. செடியவரையோ தேறியதா இல்லையா என்று பாராது. ஆறேழு வாரம் ஆனதும் பூத்துவிடும். நோஞ்சானாக இருந்தால் நோஞ்சானாகவே பூத்து, நாலே நாலு காய் தந்து முடிந்துவிடும். ஆகையால் செடியவரையை நாற்றுவிட்டுப் பிடுங்கி நட வேண்டா. இருக்கப்போகும் தொட்டியிலேயே விதைக்க வேண்டும். நுனி கிள்ளுதல், தொட்டி மாற்றுதல் முதலிய சோதனைகளையும் அதனிடம் செய்யற்க. மிளகாயும் தக்காளியும் இவ்வளவு கண்டிப்பில்லை. நான்கைந்து இலைப் பருவத்தில் பெரிய தொட்டிக்கு மாற்றலாம்.

பூத்தபின் ஒரு சிறு வேலை. அறைக்குள் காற்றும் இல்லை, வண்டும் இல்லை. தக்காளிப் பூவும் மிளகாய்ப் பூவும் தம் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியவை. ஆனால் யாராவது அசைத்துவிட வேண்டும். காலையில் பல் துலக்கும்போது பூக்காம்பை விரலால் மெல்லத் தட்டிவிடுக. இதைச் செய்யாமல் பூ உதிர்கிறதே என்று உரத்தைக் கொட்டுவோர் பலர்.

என் அவரைக்கு வருகிறேன். பாடநூலைப் பார்த்த மறுநாளே கொடியைச் சன்னலளவுக்கு வெட்டிக் குறுக்கி, கறுப்புப் போர்வை ஒன்றை இரண்டாக மடித்து, மாலை ஆறரை மணிக்கு மூடிக் காலை ஏழு மணிக்கு எடுக்கத் தொடங்கினேன். மாலை வகுப்பு உள்ள நாளில் தோழர்கள் முறைவைத்து மூடினர். ஒருநாள் நள்ளிரவில் விழித்துப் பார்த்தால், கணக்கியல் படிக்கும் தோழர் போர்வையைத் தூக்கிக் கைவிளக்கை அடித்து, "பூத்துவிட்டதா என்று பார்த்தேன்" என்கிறார்! அவரைத் திட்டவும் முடியவில்லை; போர்வையே அவருடையது.

பொங்கல் கழிந்து நான்காம் நாள் இலைக்கக்கத்தில் ஊதா நிறத்தில் ஒரு கதிர் தெரிந்தது. ஆச்சியிடம் சொன்னேன். "ஒறங்க விட்டியாக்கும்" என்றாள், அவ்வளவுதான். பங்குனி வெயிலில் காய் முற்றி உலர்ந்தது. மூன்றே காய். உரித்து எண்ணினால் 10 விதை. சீசாவில் இருந்த ஐந்தோடு சேர்த்து இப்பொழுது 15.

வரும் ஆடிக்கு அவற்றில் சிலவற்றை வேறு இடங்களிலும் போட்டு வைக்க விரும்புகிறேன். ஓரிடத்தில் தவறினால் ஓரிடத்தில் தங்கும். செம்பூரிலோ, முலுண்டிலோ, மாடியோ முற்றமோ உள்ள நண்பர் யாரேனும் இருந்தால் மன்றத்தில் என்னைக் காண்க. ஆளுக்கு இரண்டு விதை தருவேன். தெருவிளக்கு நேரே அடிக்கும் சன்னல்காரர்கள் மட்டும் மன்னிக்க வேண்டும். அவர்களுக்கு மிளகாய் நாற்று இருக்கிறது.